ஆலோசனைக் கோட்பாடுகளைப் படிக்கத் தொடங்குவது எப்படி: நான்கு கேள்விகளும் ஒரு நோட்டும்

சென்னையில் 'கவுன்சலிங் படிக்கிறேன்' என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் பொறியியல் கலந்தாய்வை நினைத்துக்கொண்டு கட்-ஆஃப் விசாரிக்கிறார்கள். மீதிப் பேர் மனநலக் காப்பகத்தை நினைத்துக் குரலைத் தாழ்த்தி, 'கீழ்ப்பாக்கத்திலா?' என்கிறார்கள். இரண்டு புரிதலிலும் ஓரளவு வரலாறு இருக்கிறது. ஆலோசனைத் துறையின் ஒரு வேர், 1908-இல் ஃபிராங்க் பார்சன்ஸ் பாஸ்டன் நகரில் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையத்தில் இருக்கிறது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை நிதானமாக எண்ணிப் பார்த்தல் என்று அவர் மூன்று படிகள் வகுத்தார். இன்னொரு வேர், வியன்னாவின் நரம்பு மருத்துவர்களுடைய அறைகளில் இருக்கிறது. முன்னது எதைத் தேர்வது என்று தெரியாமல் நிற்பவருக்கானது. பின்னது நோயாளி என்று பெயர் பெற்றுவிட்டவருக்கானது. இன்றைய ஆலோசகரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இருவருக்கும் நடுவே எங்கோ நிற்கிறார்கள்.

பகுதிநேரப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருப்பவர்கள், 'இனிமே நீங்கதான் ஸ்டூடண்ட் கவுன்சிலர்' என்று தலைமையாசிரியர் ஒரு காலை வேளையில் சொல்லிவிட்டதால் திகைத்து நிற்கும் ஆசிரியர்கள், உதவித் தொலைபேசிகளில் தன்னார்வலராக அமரப்போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவர்கள் கைக்கு வரும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: நிறுவியவரின் வாழ்க்கை, கலைச்சொற்கள், உத்திகள், நிறைகள், குறைகள். அவற்றைப் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் முதல் மனிதர் எதிரே வந்து அமர்ந்து, கைப்பையின் பட்டியைத் திருகிக்கொண்டே பேசாமல் இருக்கும்போது, படித்ததில் ஒரு வரிகூட உதவிக்கு வருவதில்லை. பெயர்களை மனப்பாடம் செய்தோமே தவிர, ஒவ்வொரு பெயருக்கும் அடியில் மனிதரைப் பற்றி இருக்கும் நம்பிக்கையை நாம் தொட்டுப் பார்க்காததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த நம்பிக்கையைத்தான் பாடத்திட்டம் 'மெய்யியல் அடிப்படைகள்' என்று தலைப்பிட்டு, முதல் அலகிலேயே அவசரமாக முடித்துவிடுகிறது.

முதலில் உங்கள் கோட்பாட்டை எழுதுங்கள்

பாடநூலைத் திறப்பதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தேதியிட்டு, நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். மனிதர் அடிப்படையில் எப்படிப்பட்டவர்? அவருடைய துன்பம் எங்கிருந்து வருகிறது? எது நடந்தால் அவர் மாறுவார்? அந்த மாற்றத்தில் எதிரே அமர்ந்திருப்பவருக்கு என்ன இடம்? வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

தமக்கென்று கோட்பாடு எதுவும் இல்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க' என்பவர், துன்பத்தின் வேரை வளர்ப்பில் வைக்கிறார். 'நாலு சாத்து சாத்தினா தானா போவான்' என்பவர், விளைவை மாற்றினால் நடத்தை மாறும் என்று நம்புகிறார். அவருக்கே தெரியாமல் அவர் ஒரு முரட்டு நடத்தைவாதி. 'இப்ப அவனுக்கு நேரம் சரியில்ல, ஆவணி பொறந்தா சரியாயிடும்' என்னும் பாட்டி, காரணத்தைப் பையனுக்கு வெளியே, கிரகங்களிடம் வைக்கிறார். மூவரில் யாரையும் குற்றவாளியாக்காதவர் அந்தப் பாட்டி மட்டுமே என்பதையும் கவனிக்கலாம். உங்களுக்குள் இருக்கும் இத்தகைய நம்பிக்கைகளை வெளியே எடுத்து எழுதாவிட்டால், நீங்கள் எந்த அறிஞரைப் படித்தாலும் அவருடைய வாயில் உங்கள் பாட்டியின் குரல்தான் கேட்கும்.

என் நோட்டில் நான்காவது கேள்விக்கு 'வழிகாட்டுபவர்' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தேன். மற்ற மூன்று பதில்களையும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் திருத்திவிட்டேன். இந்த ஒன்றைத் திருத்த அதைவிட நீண்ட காலம் ஆயிற்று.

அதற்கு மொழியும் ஒரு காரணம். தமிழில் இப்பணிக்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்ற பெயரும் வழங்குகிறது. 'ஆறு' என்றால் வழி. பத்துப்பாட்டில் பாதி, ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனிடம், தான் போய்வந்த வழியைச் சொல்லி அவனையும் அங்கே அனுப்புவது அவற்றின் பொதுவான அமைப்பு. அந்தக் காட்சியை அப்படியே ஆலோசனை அறைக்குள் கொண்டுவந்தால், 'நானும் இப்படித்தான் இருந்தேன், இதைச் செய்தேன், சரியாயிற்று, நீங்களும் செய்யுங்கள்' என்று முடியும். அது அன்பான அறிவுரை, ஆலோசனை வேறு. ஆனால் 'ஆற்று' என்ற சொல்லுக்குச் சூட்டைத் தணித்தல் என்றும் பொருள் உண்டு. தேநீர்க் கடையில் ஆற்றித் தருபவர் தேநீரில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதில் காற்றுப்பட வழி செய்கிறார், அவ்வளவே. வழியைச் சொல்பவரா, சூடு தணிய இடம் கொடுப்பவரா என்ற இந்த ஐயம்தான், ஆலோசனைக் கோட்பாடுகளுக்கு இடையே நடந்த நூறாண்டு வாதத்தின் நடுப்புள்ளி.

ஒரே மனிதரை எல்லாக் கோட்பாடுகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள்

கோட்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எடுத்துக்காட்டோடு படித்தால், எல்லாமே சரியாகத்தான் தோன்றும். ஏனெனில் ஒவ்வொரு நூலும் தனக்குப் பொருந்தும் ஆளையே தேர்ந்து வைத்திருக்கிறது. 1964-இல் அமெரிக்காவில் வெவ்வேறு அணுகுமுறைகளைச் சேர்ந்த உளசிகிச்சையாளர்களான கார்ல் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் ஆகிய மூவரும் ஒரே பெண்ணுடன் தனித்தனியே பேசியதைப் படம்பிடித்தார்கள். பயிற்சி வகுப்புகளில் அது இன்றும் காட்டப்படுவதற்குக் காரணம், ஆள் ஒருவராகவே இருக்கும்போதுதான் அணுகுமுறைகளின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதே. நீங்களும் கற்பனையாக ஒரே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நான் வகுப்பில் வைத்துக்கொள்ளும் ஆள் இவர்.

இருபத்தாறு வயதுப் பெண். ஆரணியில் தந்தை பட்டுத் தறி நெய்கிறார். மகள் அண்ணா நகரில் பயிற்சி மையத்துக்கு அருகே விடுதியில் தங்கி, மூன்றாவது முறையாகக் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறார். காலையில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய், சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதியில் இடம்பிடிக்கிறார். அரசியலமைப்புப் பாடத்தைத் திறந்ததும் நெஞ்சு படபடக்கிறது. எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறார். இப்படி ஒரு நாளில் ஐந்தாறு முறை. சென்ற இரண்டு தேர்வுகளுக்கும் முந்தின நாள் காய்ச்சல் வந்தது. இரவு ஒன்பது மணிக்குத் தந்தை போன் செய்து, 'படிச்சியாம்மா?' என்று கேட்பார். உங்கள் எதிரே அமர்ந்ததும் அவர் சொல்லும் முதல் சொற்கள்: 'நான் மெண்டல் எல்லாம் இல்ல மேடம். மண்டையில எதுவும் ஏற மாட்டேங்குது, அவ்வளவுதான்.'

இனி இவரை அழைத்துக்கொண்டு புறப்படலாம்.

உளப்பகுப்பாய்வு அந்தக் காய்ச்சலில்தான் முதலில் கண்வைக்கும். சிக்மண்ட் ஃபிராய்ட் 1895-இல் யோசஃப் பிராயருடன் சேர்ந்து வெளியிட்ட நூலில், ஒரு நோயாளி தாம் பெற்ற சிகிச்சையைப் 'பேச்சு மருத்துவம்' என்று அழைத்தது பதிவாகியிருக்கிறது. பேசினால் தணியும் என்ற எண்ணத்துக்கு அதுவே தொடக்கம். மனத்தில் எதுவும் தற்செயலாக நடப்பதில்லை, நாம் அறியாத விருப்பங்களும் அச்சங்களும் நம்மை நடத்துகின்றன என்பது ஃபிராய்டின் மெய்யியல் நிலை. ஆகவே அவர் வழியில் வந்தவர் இப்படி வினவுவார்: தோற்பதால் இப்பெண்ணுக்கு எது காப்பாற்றப்படுகிறது? வேலை கிடைத்துவிட்டால், தறியையும் தந்தையையும் விட்டு நிரந்தரமாக விலக வேண்டியிருக்கும் என்பதாலா? இதை வெளிப்படையாக அவரிடம் சொல்லிவிடக் கூடாது. அவரே வந்தடைய வேண்டிய இடம் அது. மூன்றாவது சந்திப்பில், யாரும் கேட்காமலேயே அவர் 'நேத்து ஏழு மணி நேரம் படிச்சேன் மேடம்' என்று கணக்கு ஒப்பிக்கத் தொடங்கினால், ஆலோசகர் தந்தையின் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டுவிட்டார் என்று பொருள். இதை உணர்வுப் பெயர்ச்சி என்பார்கள். முழு உளப்பகுப்பாய்வை நீங்கள் ஒருபோதும் செய்யப்போவதில்லை. ஆனால் இந்த ஒரு கருத்தைக் கற்காமல் அறைக்குள் போகாதீர்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, ஃபிராய்டுடன் கடிதத்தில் வாதிட்டவர் என்பதால், இது நமக்கு நேற்று வந்த இறக்குமதிச் சரக்கும் அல்ல.

பல ஆலோசனை மையங்களின் சுவரில் 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளை மாட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அது மருந்து அதிகாரத்தில் வருவது. நோயைக் கண்டறி, காரணத்தைக் கண்டறி, தணிக்கும் வழியைக் கண்டறி என்னும் மருத்துவரின் நிலையைச் சொல்வது. ஃபிராய்டுக்கு மிகவும் பொருந்தும். ஆலோசனை முழுவதற்கும் அது பொருந்துமா என்பது அடுத்து வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

நடத்தைவாதம் காய்ச்சலை விட்டுவிட்டுத் தேநீரைப் பார்க்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிப்பதை நிறுத்திவிட்டு, காணக்கூடிய நடத்தையையே உளவியல் ஆராய வேண்டும் என்று ஜான் வாட்சன் 1913-இல் அறிவித்தார். மனிதர் கற்றுக்கொள்ளும் உயிர். கற்றது துன்பமானால், அதை மாற்றிக் கற்கவும் முடியும் என்பதே இங்கே அடிப்படை நம்பிக்கை. புத்தகத்தைத் திறந்ததும் படபடப்பு. எழுந்து போனதும் அது தணிகிறது. தணிந்த அந்த நிம்மதியே எழுந்து போகும் பழக்கத்துக்குக் கூலியாகிறது. ஒவ்வொரு தேநீரும் அச்சத்தை ஒரு பிடி வளர்க்கிறது. ஜோசஃப் வோல்ப்பே 1958-இல் விளக்கிய முறையில், அஞ்சும் பொருளைப் படிகளாகப் பிரித்து, உடல் தளர்ந்த நிலையில் மிகச் சிறிய படியிலிருந்து தொடங்குவார்கள்: முதலில் புத்தகத்தை மூடியபடியே மேசையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பது, பிறகு பொருளடக்கத்தை மட்டும் பார்ப்பது, பிறகு ஒரு பக்கம். இம்முறையை எளிதென்று இகழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அந்தப் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே ஏதாவது பயன்படுமானால் அது இதுவாகத்தான் இருக்கும்.

ரோஜர்ஸிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 1942-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒரு நபரோடு நடந்த சந்திப்புகள் அனைத்தையும் ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் அச்சிட்டிருந்தார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்ததை முதன்முதலாக மற்றவர் படித்து ஆராய முடிந்தது. அவருடைய மெய்யியல் நிலை ஃபிராய்டுக்கு நேர்மாறானது: தடை இல்லாவிட்டால் மனிதர் வளர்ச்சியை நோக்கியே சாய்கிறார், அவருடைய வாழ்வை அறிந்த வல்லுநர் அவரே. மாற்றத்துக்குத் தேவையான சூழல்களை 1957-இல் ஒரு கட்டுரையில் வகுத்தார். அவற்றுள் ஆலோசகரைச் சார்ந்த மூன்று புகழ்பெற்றவை: உள்ளும் புறமும் ஒத்திருத்தல், நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு.

இம்மூன்றும் எழுதும்போது எளிதாக இருக்கும், வாயில்தான் வராது. 'மண்டையில எதுவும் ஏற மாட்டேங்குது' என்றவரிடம், பயிற்சி மாணவர்களில் ஒருவர் 'கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்' என்பார். அது கதவைச் சாத்துகிறது. இன்னொருவர் 'தினமும் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க?' என்பார். அது விசாரணை. மூன்றாமவர் சற்று நிதானித்து, 'படிக்கணும்னுதான் உட்கார்றீங்க, ஆனா உள்ள போக மாட்டேங்குது. ரொம்ப அலுப்பா இருக்கு போல' என்றார். அந்தப் பெண்ணாக நடித்த மாணவி உடனே தலையசைத்து மறுத்து, 'அலுப்பு இல்ல... பயம்' என்றார். மூன்றாமவர் சொன்னது தவறுதான். ஆனாலும் சரியான சொல்லைத் தேடுமாறு எதிரே இருப்பவரை அது தூண்டியது. எதிரே இருப்பவர் உணர்வதை இப்படித் திருப்பிச் சொல்வதைப் பிரதிபலித்தல் என்பார்கள். தவறாகப் பிரதிபலித்தாலும் பணிவோடு பிரதிபலித்தால் அது பயன் தரும் என்பதை அன்று வகுப்பே கண்டது.

ஒத்துணர்வுக்கு நான் சுவரில் மாட்ட விரும்பும் குறள் வேறு:

அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய்
தந்நோய்போல் போற்றாக் கடை.

இதில் 'போல்' என்ற சொல்லில் விரல் வைத்துக்கொள்ளுங்கள். பிறர் துன்பத்தைத் தன் துன்பம் போல் என்கிறாரே தவிர, தன் துன்பமாக என்று சொல்லவில்லை. ரோஜர்ஸும் 1957-இல் இதையே வற்புறுத்தினார்: மற்றவரின் உள்ளுலகைத் தனது போலவே உணர வேண்டும், ஆனால் அந்தப் 'போல்' தன்மையை ஒருபோதும் இழக்கக் கூடாது. அதை இழந்த ஆலோசகர் எதிரே இருப்பவரோடு சேர்ந்து அழுவார். பிறகு இருவரையும் தேற்ற மூன்றாவது ஆள் வேண்டியிருக்கும்.

எண்ணங்களைக் கையாளும் அறிகை அணுகுமுறையில் உள்ளவர்கள், அந்தப் பயத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஓடும் வாக்கியத்தைத் தேடுவார்கள். கேட்டால் வந்துவிடும்: 'இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பா முகத்துல முழிக்கவே முடியாது.' நிகழ்ச்சி ஒன்று, அதைப் பற்றிய நம்பிக்கை ஒன்று, விளைவு ஒன்று என்று பிரித்து, துன்பம் நடுவில் இருக்கும் நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது என்று எல்லிஸ் 1950-களில் கற்பிக்கத் தொடங்கினார். அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸ் என்ற கிரேக்க மெய்யியலாளரின் கருத்து அது என்று அவரே சொல்லியிருக்கிறார்: மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, நிகழ்ச்சிகளைப் பற்றி அவர் கொள்ளும் எண்ணங்களே. எல்லிஸ் 'கட்டாயம்', 'கூடவே கூடாது' போன்ற சொற்களோடு சண்டைக்குப் போவார். இதே அணுகுமுறையின் இன்னொரு முன்னோடியான ஆரன் பெக் அவ்வளவு அதட்ட மாட்டார். ஆய்வாளரைப் போலச் சான்று கேட்பார். முதல் முறை தோற்றபோது தந்தை என்ன செய்தார்? அந்த வாரம் அவர் உங்களோடு பேசினாரா?

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று கணியன் பூங்குன்றனாரை அழைத்துவருவார்கள். முதல் பார்வைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அடுத்த அடியில் 'நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன' என்று துன்பமும் அதன் தணிவும்கூடப் பிறர் தருவன அல்ல என்கிறார். ஆனால் அதே பாடல், பேராற்று நீர்வழிப் போகும் புணை போல உயிர் முறைவழிப் போகும் என்றும் சொல்கிறது. எல்லிஸ் படகோட்டியிடம் துடுப்பைக் கொடுக்கிறார். பூங்குன்றனார் ஆற்றின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். இவ்வேறுபாட்டைப் பூசி மெழுகாதீர்கள், ஏனெனில் நம் அறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே மூச்சில் நம்புகிறவர்கள். சில ஆயிரம் இடங்களுக்குப் பல லட்சம் பேர் எழுதும் தேர்வைப் பற்றி ஒருவர் அஞ்சினால், அந்த அச்சம் முழுவதையும் 'சிந்தனைப் பிழை' என்று எழுதிவிட முடியாது. ஆற்றில் நீர் உண்மையிலேயே வேகமாகத்தான் ஓடுகிறது. அறிகை முறை அவசரக்காரர் கையில் சிக்கினால், 'அப்படி நினைக்காதீங்க' என்ற பழைய உபதேசமாகச் சுருங்கிவிடும்.

வாழ்வின் பொருளைக் கேள்வியாக்கும் இருத்தலியல் அணுகுமுறையைத் தொடக்கநிலையில் இருப்பவர் அறிந்து வைத்தால் போதும். கையாள்வதற்கு வயதும் அனுபவமும் வேண்டும். நாஜி முகாம்களிலிருந்து மீண்ட விக்டர் ஃபிராங்க்ல், எல்லாம் பறிக்கப்பட்ட பின்னும் தன் நிலையை எப்படி எதிர்கொள்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை மனிதரிடம் எஞ்சியிருக்கிறது என்றார். 'இந்தத் தேர்வே இல்லாத ஓர் ஊரில் பிறந்திருந்தால் நீங்கள் என்னவாக இருந்திருப்பீர்கள்?' என்பது அவ்வழியில் எழும் கேள்வி. ஐந்தாவது, ஆறாவது சந்திப்பில் இது கதவைத் திறக்கும். முதல் நாளில் கேட்டால் ஆள் மறுபடி வர மாட்டார். குடும்பத்தையே ஒரு முழு அமைப்பாகப் பார்க்கும் கோட்பாடுகள், இரவு ஒன்பது மணிப் போனில் மகளின் அச்சத்தோடு தந்தையின் அச்சமும் பேசுகிறது என்று சுட்டிக்காட்டும். மகளோடு அம்மாவும் உள்ளே வந்து, மகளுக்கு முன்பே பதில் சொல்லத் தொடங்கும் நம் ஊரில், இதைத் தனிப் பாடமாகப் பிறகு படித்தே ஆக வேண்டும்.

சமமில்லாத நாற்காலிகள்

1957 ஏப்ரலில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸும் மெய்யியலாளர் மார்ட்டின் பூபரும் மேடையில் உரையாடினார்கள். தமக்கும் தம்மை நாடி வருபவருக்கும் இடையே உள்ள உறவைச் சமமானவர்களின் சந்திப்பாக ரோஜர்ஸ் விளக்கியபோது, பூபர் உடன்படவில்லை. நாடி வருபவர் உதவி கேட்டு உங்களிடம் வந்திருக்கிறார், நீங்கள் அவரிடம் வரவில்லை. அந்தச் சூழல் சமமற்றது என்பது பூபரின் வாதம். மெய்யியல் அடிப்படைகள் என்ற தலைப்பில் ஒரே ஒரு விவாதத்தைத்தான் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள். சென்னையில் நாம் நாள்தோறும் பூபர் சொன்ன பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறோம். வருபவர் நம்மை 'டாக்டர்' என்கிறார். திருத்தினால் 'சரிங்க டாக்டர்' என்கிறார். நாம் சொல்லும் வரை உட்காராமல் நிற்கிறார். இந்திய மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி, இந்தியச் சூழலில் இவ்வுறவைக் குரு-சீடர் உறவின் வழியே எண்ணிப் பார்க்கலாம் என்று 1973-இல் எழுதியதற்குப் பின்னால் இருப்பது இந்த நடைமுறைதான். எனக்கு அதில் பாதி உடன்பாடு உண்டு. குருவிடம் இருக்கும் நம்பிக்கை வேண்டும். ஆனால் குருவைக் கேள்வி கேட்க முடியாது என்ற அச்சம் அறைக்குள் வந்துவிட்டால், ரோஜர்ஸின் மூன்று நிலைகளில் ஒன்றுகூட நிற்காது.

சமமின்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. பேச்சைத் தொடங்க நாம் இயல்பாகக் கேட்கும் 'சொந்த ஊர் எது?', 'அங்க எந்தத் தெரு?' போன்ற கேள்விகள், வீடு வாடகைக்குத் தேடி அலைந்தவர்களின் காதில் சாதி விசாரணையாக விழும். பயிற்சிக் காலத்தில் நான் ஓர் இளைஞரிடம் ஊரைக் கேட்டேன். அவர் மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுவதும் ஆம், இல்லை என்றே பேசினார். அடுத்த வாரம் வரவில்லை. அவர் மனந்திறக்கத் தயாராக இல்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன். என் மேற்பார்வையாளர் அந்த வரியை அடித்துவிட்டு, 'நீ என்ன கேட்டாய்?' என்று பக்கத்தில் எழுதினார்.

வேறொரு பெண், நான் நான்கு வாரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு, 'நீங்க தலையாட்டிக்கிட்டே இருக்கீங்க, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்களே' என்றார். அந்தக் குறை நியாயமானது. இணைந்து பணியாற்றும் உறவுக்கு மூன்று பகுதிகள் உண்டு என்று எட்வர்ட் போர்டின் 1979-இல் எழுதினார்: இலக்கில் உடன்பாடு, அதற்காகச் செய்யும் பணிகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. நான் பிணைப்பை மட்டும் வளர்த்துவிட்டு, எதற்காகக் கேட்கிறேன் என்பதைச் சொல்லவே இல்லை. எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றினாலும் முதல் சந்திப்பில் இதைச் சாதாரணப் பேச்சில் விளக்கிவிடுங்கள்: 'நான் உடனே இதைச் செய்ங்க, அதைச் செய்ங்கன்னு சொல்ல மாட்டேன். முதல்ல உங்களுக்கு என்ன நடக்குதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நடுவுல இது உதவலைன்னு தோணுச்சுன்னா தயங்காம சொல்லுங்க.'

கோட்பாடு நிற்க வேண்டிய இடம்

ஒருவர் சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன் என்ற வாக்குறுதிக்கு எல்லை உண்டு. அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளியில் பணியாற்றுபவர் இதைப் பாடத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால், சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்வதால், 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று அஞ்சும் குடும்பத்துக்கு அதை விளக்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பவர், நாள்கணக்கில் உறங்காதவர், சாப்பாட்டை முற்றிலும் விட்டுவிட்டவர் ஆகியோரை மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். கீழ்ப்பாக்கத்தின் அரசு மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் தொடர்ச்சி. அந்த ஊர்ப்பெயரை வசவாகப் பயன்படுத்தும் நகரத்தில், அங்கே போகச் சொல்வதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். 'இதுக்கு மருந்தும் சேர்ந்தா சீக்கிரம் லேசாகும், நானும் உங்க கூடவே இருக்கேன்' என்று சொல்லலாம்.

வாரந்தோறும் செய்ய வேண்டியது

மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் நாடி வருபவர், ஒருவர் பார்வையாளர். இருபது நிமிடம் பேசி, செல்பேசியில் பதிவு செய்யுங்கள். உண்மையான கவலைகளை விடுத்து, சின்னத் தொந்தரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதில் ஐந்து நிமிடத்தை மட்டும் சொல்லுக்குச் சொல், பெருமூச்சும் இடைவெளியும் உட்பட எழுதுங்கள். ஐந்து நிமிடத்தை எழுத ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் ஆலோசகர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, இது நான்கு கேள்விகளுக்கு எந்தக் கோட்பாடு தரும் பதிலிலிருந்து வந்தது என்று குறித்துப் பாருங்கள். என் முதல் எழுத்துப்படியில் பதினோரு வாக்கியங்கள் இருந்தன. ஆறு அறிவுரை, மூன்று விசாரணை, ஒன்று ஆறுதல். மிச்சமிருந்த ஒன்று 'ம்' என்பது. அந்த 'ம்'-க்குப் பிறகுதான் எதிரே இருந்தவர் அன்றைக்குச் சொன்ன முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

படிக்கும் வரிசையில் ரோஜர்ஸை முதலில் வையுங்கள். கேட்கக் கற்காமல் மற்ற உத்திகளைக் கையில் எடுத்தால் அவை ஆயுதமாகிவிடும். அடுத்துப் பெக், பிறகு நடத்தை முறைகள், அதன்பின் ஃபிராய்ட். பாடநூல்கள் வரலாற்று வரிசைப்படி ஃபிராய்டில் தொடங்குவதால், மாணவர்கள் கேட்பதற்கு முன்பே விளக்கம் சொல்லப் பழகிவிடுகிறார்கள். ஒவ்வொரு கோட்பாட்டையும் முடித்ததும் அந்த ஆரணிப் பெண்ணை அழைத்துவந்து, நான்கு கேள்விகளுக்கும் அக்கோட்பாட்டின் பதிலை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். அரைப் பக்கத்தில் அடங்காவிட்டால் அது இன்னும் உங்களுக்குப் புரியவில்லை.

ஆறு மாதம் கழித்து, முதல் நாள் காலியாக விட்ட இடப்பக்கத்தைத் திறந்து, வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, அதே நான்கு கேள்விகளுக்கு மறுபடியும் பதில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு கையை எடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தால், நோட்டை உங்கள் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.